ஒருவரை லண்டனுக்கு அனுப்புவதா, எட்டுப் பேரை இங்கேயே உட்கார வைப்பதா?

போன மாதம் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நல்ல வாக்குவாதம் ஒன்று நடந்தது. கனடா, சுவிஸ், லண்டன் என்று சிதறிக் கிடக்கிற நம்ம பிள்ளைகள் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் காசு தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் சுகாதாரத்துக்குப் பயன்பட வேண்டும், ஆனால் கட்டிடம் வேண்டாம், கட்டில் வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம், நோயைப் பற்றி ஆராயத் தெரிந்த ஆட்களை உருவாக்குங்கள் என்பதுதான் நிபந்தனை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பெயர்ப்பலகை அடிக்க இடமில்லாத காரியத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

சண்டை அதற்குப் பிறகுதான். கெட்டிக்காரத்தனமான இளம் டொக்டர் ஒருவரை லண்டனுக்கு அனுப்பிப் படிப்பிப்போம் என்றார் தலைவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கூட்டி வந்து பெரிய ஆய்வு செய்விப்போம் என்றார் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். கிழக்கு முழுவதற்கும் சேர்த்து ஒரு நிலையம் வேண்டும் என்றார் இன்னொருவர். நான் முப்பது வருடம் பிஎச்ஐயாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை இரண்டிலும் அலைந்த ஆள். "ஐயா, ஃபீல்டில் கிடந்தது நீங்கதான், எல்லாத்தையும் ஒப்பிட்டு எழுதித் தாங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதத் தொடங்கியதும் இது எங்கள் சங்கத்துக்கு மட்டும் உதவுகிற கணக்கு இல்லை என்று பட்டது, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தில் இதே யோசனையோடு இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று தேடியபோது நான் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பார்க்கவில்லை, பசிபிக்கிலும் கரீபியனிலும் இந்து சமுத்திரத்திலும் இருக்கிற குட்டித் தீவு நாடுகளைத்தான் பார்த்தேன். ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கிற சிறு தீவு நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை, சரி. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை ஐந்து இலட்சத்துக்கு மேல். மாலைதீவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சமோவா ஏறக்குறைய 2 இலட்சம். துவாலு 11,000 அளவு, அதாவது நம்ம காத்தான்குடிக்குள் பல துவாலுக்களை வைக்கலாம். ஒரு மாவட்டம் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான அளவு இந்த நாடுகள்தான். பிரச்சினைகளும் ஒன்றுதான்: இருக்கிற ஆட்கள் குறைவு, ஒரே ஆள் ஐந்து வேலை பார்ப்பார், விஷயம் தெரிந்தவர் போய்விட்டால் அவரோடு எல்லாம் போய்விடும், நம்மைப் பற்றிய தரவு நம்மிடம் தவிர எல்லா இடத்திலும் இருக்கும்.

முதலில் லண்டன் யோசனை. இதை நான் கேலி செய்யவில்லை. நல்ல இடத்தில் தொற்றுநோயியலும் புள்ளிவிபரவியலும் ஒரு வருடம் முறையாகப் படித்துவிட்டு வருகிறவர் ஒரு அட்டவணையைப் பார்க்கிற பார்வையே வேறு. ஆனால் போகிறவர் ஒருவர். அவர் திரும்பி வரவேண்டும், வந்தால் மட்டக்களப்புக்கு வரவேண்டும், வந்தபின் இங்கேயே இருக்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. டொக்டர்மாரின் இடமாற்றத்தை முடிவு செய்வது கொழும்பு, நாம் படிப்பித்த ஆள் குருநாகலில் போய் நல்ல வேலை செய்தால் நாட்டுக்கு நல்லது, நமக்குக் காசு கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் விமானம் ஏறினார்கள் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பசிபிக்கில் இந்தக் கதை இன்னும் மோசம். குக் தீவுக்காரருக்கும் நியூவே தீவுக்காரருக்கும் நியூசிலாந்துக் குடியுரிமை பிறப்பிலேயே உண்டு, படிக்கப் போனவர் ஒக்லாந்தில் நின்றுவிட்டால் யார் என்ன கேட்பது. நியூவேயில் இப்போது இருப்பவர்கள் 2,000 பேர்கூட இல்லை. ஒப்பந்தம் எழுதி வாங்குவோம் என்று தலைவர் சொன்னார். நம்ம ஊரில் ஒப்பந்தம் எழுதி வாங்கிய கலியாணங்களே நிலைக்கவில்லை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, 1980 இலிருந்து இருக்கிறது, சமுதாய மருத்துவத்தில் முதுகலையும் எம்டியும் அங்கே படிக்கலாம். ஆனால் அதற்குத் தெரிவாகும் அரச டொக்டருக்குச் சம்பளத்துடன் லீவு கிடைக்கும். அரசு ஏற்கெனவே கொடுக்கிற செலவுக்கு நம் காசு எதற்கு? அதை அப்படியே விடலாம்.

வெளிநாட்டுக்காரரை அழைப்பது இரண்டாவது. இதில் எனக்குப் பழைய காயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், அப்போதுதான் என் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கல்லடிப் பக்கம் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வந்தவர்கள் நல்ல மனிதர்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நான் வழிகாட்டியாகப் போனேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம் நீண்ட கேள்விப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆய்வின் ஒரு பிரதி இன்றுவரை நான் வேலை செய்த கந்தோருக்கு வரவில்லை. எங்கேயோ ஒரு சஞ்சிகையில் வந்திருக்கும், காசு கட்டித்தான் வாசிக்க முடியும். இரண்டு வருடம் கழித்து வேறொரு குழு வந்து அதே வீட்டுக் கதவைத் தட்டியபோது ஒரு அம்மா என்னைத்தான் பார்த்துக் கேட்டார், "போன தரம் சொன்னதெல்லாம் துலைஞ்சு போச்சா மனே?"

நவுறு தீவின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1970களின் நடுவில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்து, வளர்ந்தவர்களிடையே நீரிழிவு உலகிலேயே மிக அதிகமாக இருக்கிற இடங்களில் அது ஒன்று என்று கண்டுபிடித்தார்கள். பொஸ்பேற்றுப் பணம் பெருகி, மீனும் தேங்காயும் போய் டின் இறைச்சியும் சீனியும் வந்த கதை. கண்டுபிடிப்பு சரி, நவுறு பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. தீவுக்குள் தன் மக்களின் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று தானே பார்த்து, தானே முடிவெடுக்கிற ஆட்கள் உருவாக நீண்ட காலம் எடுத்தது.

ஆனால் இதே ஆய்வாளர் வட்டத்தோடு சேர்ந்து மொரீசியஸ் செய்தது வேறு, இதைச் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப் பட்சமாக எழுதியதாகிவிடும். 1987 இல் அங்கே பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது, நீரிழிவும் கொழுப்பும் கூடியிருப்பது தெரிந்தது. சனங்கள் பங்கீட்டில் வாங்கிச் சமைத்த எண்ணெயில் பெரும்பகுதி பாம் எண்ணெய். அரசாங்கம் அதை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992 இல் திரும்ப அளந்தபோது சனங்களின் சராசரிக் கொலஸ்ட்ரோல் லீற்றருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஒருவரையும் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்து இறக்கியது அல்ல, கடையில் இருந்த போத்தலை மாற்றியதில் பெரும்பங்கு இறங்கியது. நீரிழிவு மட்டும் இறங்கவில்லை, எண்ணெயால் எல்லாம் தீராது. இங்கே வந்தவர்களும் வெளிநாட்டவர்தான், ஆனால் அளந்ததை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்தது. ஐந்து வருடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும் என்று கேட்க ஒரு அரசாங்கம் இருந்தது. நம் மாவட்டத்தில் அந்தக் கதிரை இன்னும் காலி. கதிரை காலியாக இருக்கும்போது விருந்தாளியைக் கூப்பிட்டால் விருந்தாளிதான் வீட்டுக்காரன்.

மூன்றாவது யோசனை, எல்லோருக்கும் சேர்த்து ஒரு நிலையம். கரீபியன் தீவுகள் இதில் முன்னோடி. தனித்தனியாக ஒவ்வொரு தீவும் ஆய்வுகூடமும் தொற்றுநோய் நிபுணரும் வைக்க முடியாது என்று 1975 இலேயே ட்ரினிடாட்டில் ஒரு பொது நிலையம் தொடங்கினார்கள். அதோடு போஷாக்குக்கு ஒன்று, சுற்றாடலுக்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று, மருந்துப் பரிசோதனைக்கு ஒன்று என்று இருந்த ஐந்து நிறுவனங்களையும் ஒன்றாக்கி 2013 இலிருந்து கரீபியப் பொதுச் சுகாதார நிறுவனம் என்ற ஒரே கூரைக்குள் நடத்துகிறார்கள். பசிபிக்கில் 22 நாடுகளும் ஆட்புலங்களும் 1996 இலிருந்து ஒரு கண்காணிப்பு வலையமைப்பாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு தீவில் தொற்று தொடங்கினால் பக்கத்துத் தீவுக்கு விமானம் போகும் முன் செய்தி போகவேண்டும் என்பதுதான் எண்ணம்.

கிழக்கில் இதை எப்படிச் செய்வது? திருகோணமலையை விட்டாலும் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்றுக்கும் மூன்று பிராந்திய சுகாதாரப் பணிமனைகள். வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் நாட்டில் மாவட்டம் 25, ஆனால் அட்டவணையில் வரி 26, கல்முனை தனியாக நிற்பதால். நுளம்புக்கு இந்த எல்லை தெரியாது. பெரியநீலாவணையில் முட்டை போட்டுவிட்டு எல்லை தாண்டிக் களுவாஞ்சிகுடிப் பக்கம் வந்தால் வேறொரு பணிமனையின் நுளம்பு ஆகிவிடும். மூன்று பணிமனைக்கும் சேர்த்துத் தரவை மட்டும் பார்க்க ஒரு சின்ன அறை, இரண்டு பேர், மூன்று மொழியிலும் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நான் வேலையில் இருந்த காலத்திலேயே நினைத்ததுண்டு. ஆசை இருக்கிறது. ஆனால் அது மாகாணமும் அமைச்சும் செய்யவேண்டிய காரியம். நம் மூன்று வருடக் காசில் தொடங்கினால் நான்காம் வருடம் அந்த அறையில் பழைய மேசையும் மூடிய கணினியும்தான் மிஞ்சும். வேண்டாம்.

இனி நான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர். பிஎச்ஐமார், மிட்வைஃப்மார், ஒரு தாதி உத்தியோகத்தர், முடிந்தால் ஒரு இளம் எம்ஓஎச், அதாவது பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி. யாரும் வேலையை விட்டுப் போகவேண்டாம். வருடத்தில் ஐந்து தடவை ஒரு வாரம் உட்கார்ந்து படிப்பது, இடையில் கிடைக்கிற மாதங்களில் தங்கள் பிரிவின் பதிவேட்டை வைத்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுவது, வருட முடிவில் பதிலை எழுதிப் பணிப்பாளரின் மேசையில் வைப்பது.

இது நான் கனவில் கண்டது இல்லை. பசிபிக்கில் களத் தொற்றுநோயியல் பயிற்சி இப்படித்தான் நடக்கிறது, ஒவ்வொரு வாரமாக ஐந்து தொகுதி, தாதியும் சுகாதாரப் பரிசோதகரும் ஆய்வுகூடக்காரரும் ஒன்றாக உட்காருவார்கள், கற்பிப்பவர்தான் தீவுக்குப் போவார், கற்பவர் விமானம் ஏறுவதில்லை. முடித்தவருக்கு பிஜி தேசியப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ். பிஜிக்கு இந்தப் பழக்கம் புதிது இல்லை. 1875 இல் சிட்னியில் இருந்து திரும்பிய கப்பலோடு சின்னமுத்து (மீசில்ஸ்) வந்து இறங்கி, சில மாதங்களில் சனத்தொகையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுபோனது. 1879 இல் இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பலிலும் வாந்திபேதியும் பெரியம்மையும். அதற்குப் பிறகுதான் ஊர் இளைஞர்களையே பிடித்து அம்மைப்பால் குத்தப் பழக்கினார்கள், 1880களில் அது சுவாவில் ஒரு வைத்தியப் பள்ளிக்கூடமாக மாறியது, பிறகு பசிபிக் முழுவதற்கும் அங்கே ஆட்கள் படித்தார்கள். வெளியில் இருந்து வெள்ளைக்கார டொக்டர் வரும்வரை காத்திருந்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு மாதிரி, 2009 இல் காசநோய்க்கு எதிரான சர்வதேச ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் தொடங்கியது, இப்போது உலக சுகாதார நிறுவனத்தில் இருக்கும் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டம் பல நாடுகளில் நடத்துவது. பன்னிரண்டு பேர் அளவில் சேர்ப்பார்கள். முதல் தடவை கேள்வியும் திட்டமும், இரண்டாம் தடவை தரவைப் பதிந்து அலசுவது, மூன்றாம் தடவை கட்டுரை எழுதுவது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் கண்டிப்பு: முதல் கட்டத்தின் வேலையைக் குறித்த நாளுக்குள் கொடுக்காதவருக்கு அடுத்த கட்டத்தில் இடம் இல்லை, அவர் யாராக இருந்தாலும். நம்ம நாட்டில் எத்தனை செயலமர்வு பார்த்துவிட்டோம், ஹோட்டலில் சோறு, பை, பேனை, குழுப்படம், சான்றிதழ். வீட்டில் ஒரு அலுமாரித் தட்டு நிறைய என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. ஒன்றுக்காகவும் நான் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் கண்டுபிடித்தது இல்லை.

சாலமன் தீவுகளில் அட்டோய்ஃபி என்று ஒரு சின்ன வைத்தியசாலை. ரோட்டு இல்லை, படகில் போகவேண்டும், இல்லையென்றால் சின்ன விமானம். அங்கே தாதிமாரும் ஊர்த் தலைவர்களும் கிராமத்தவர்களும் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகக்காரரோடு சேர்ந்து செய்துகொண்டே கற்பது என்ற முறையில் ஆராய்ச்சி பழகினார்கள். மலையில் இருக்கிற சனங்கள் காசநோயோடு வீட்டிலேயே கிடந்து சாகிறார்கள், வைத்தியசாலைக்கு ஏன் வருவதில்லை? அறியாமை என்று வெளியூர்க்காரர் எழுதிவிட்டுப் போயிருப்பார். உள்ளூர்க்காரர் கேட்டபோது காரணம் கட்டிடத்தில் இருந்தது. விடுதியும் கழிவறையும் அமைந்திருந்த விதம் அவர்களுடைய முன்னோர் வழக்கப்படி தீட்டு, உள்ளே கால் வைத்துவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போக முடியாத அளவுக்குத் தீட்டு. இந்தப் பதிலைக் கண்டுபிடிக்க லண்டன் பட்டம் தேவைப்படவில்லை. தீட்டு என்றால் என்னவென்று தெரிந்த ஒரு தாதி தேவைப்பட்டார்.

நம்மிடம் இப்படி எத்தனை கேள்வி கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? வயல் தொடங்கும்போது எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறோம். கொடுத்த எண்ணிக்கை நம்மிடம் இருக்கிறது. விழுங்கிய எண்ணிக்கை? வாகரையிலும் வெல்லாவெளியிலும் வரம்பில் உட்கார்ந்து கேட்டால் பத்து நாளில் பதில் வந்துவிடும். பாம்பு கடித்தவர் முதலில் போவது எங்கே, வைத்தியசாலைக்கா விஷகடி வைத்தியரிடமா, எவ்வளவு நேரம் போகிறது? வெற்றிலையோடு புகையிலை போடுகிற ஆச்சிமாரின் வாயை யாராவது ஒழுங்காகத் திறந்து பார்த்திருக்கிறோமா? சாலமன் தீவுக்காரரும் பாக்குச் சப்புகிறவர்கள்தான், இது அவர்களோடு பேசக்கூடிய விஷயம்.

களத்து ஆட்கள் ஆராய்ச்சி செய்ய முடியாது, அது விஞ்ஞானம் என்று கூட்டத்தில் ஒரு டொக்டர் மகன் மரியாதையாகத்தான் சொன்னார். நான் அவருக்கு 2011 இல் வந்த ஆய்வை நினைவுபடுத்தினேன். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று நாம் எல்லோரும் பாடமாக்கி வைத்திருந்தோம், உவர்த்தண்ணீரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரத்தில் தேடிப் பார்த்தபோது பாவிக்காத கிணற்றிலும் கைவிட்ட தோணியிலும் எறிந்த டப்பாவிலும் உவர்நீருக்குள்ளேயே குடம்பிகள் இருந்தன. அந்த ஆய்வை நடத்தியவர்கள் பல்கலைக்கழகக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாவிக்கரையில் குப்புறக் கிடக்கிற தோணி எது, யாருடையது, எத்தனை மாரியாக அதில் தண்ணீர் நிற்கிறது என்று அந்தப் பிரிவின் பிஎச்ஐக்குத் தெரியும். அவர் கேள்வி கேட்கப் பழகியிருந்தால் நமக்கு அது முன்னமே தெரிந்திருக்கும்.

சமோவாவையும் சொல்லவேண்டும், ஆராய்ச்சி என்றால் சஞ்சிகைக் கட்டுரை என்று நினைப்பவர்களுக்காக. 2018 இல் தடுப்பூசிப் பொடியைத் தவறான மருந்தில் கரைத்து ஏற்றியதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசித்திட்டம் மாதக்கணக்கில் நின்றது, திரும்பத் தொடங்கியபோது தாய்மார் வரவில்லை, ஊசி பெற்ற குழந்தைகள் மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு விழுந்தது. 2019 கடைசியில் சின்னமுத்து வந்தது. 5,700 பேருக்கு மேல், 83 மரணம், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி வீடு வீடாகப் போனார்கள். எந்தக் கிராமத்தில் எந்தத் தாய் வரவில்லை, ஏன் வரவில்லை என்று 2018 இலேயே பதிவேட்டைப் பிடித்துக் கேட்கிற ஒரு தாதிக்கு நேரமும் பயிற்சியும் இருந்திருந்தால் என்று நான் நினைப்பேன். சிறிய இடத்தில் நேரம் இப்படித்தான் ஓடிவிடும்.

சிறிய இடத்தின் இன்னொரு பொல்லாப்பு எண்கள். ஒரு பிரிவில் வருடத்துக்கு 250 பிரசவம் என்று வையுங்கள். ஒரு தாய் இறந்தால் இலட்சத்துக்கு 400 என்று கணக்கு வரும், பயங்கரம். அடுத்த வருடம் ஒருவரும் இறக்காவிட்டால் பூச்சியம், ஆகா. இரண்டுமே பொய். துவாலுவும் நவுறுவும் வருடாவருடம் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கின்றன, ஆகவே பல வருடங்களைச் சேர்த்துப் பார்ப்பது, வீதத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு மரணத்தையும் கதையாக விசாரிப்பது என்று பழகவேண்டியிருக்கிறது. இதோடு இன்னொன்றும் உண்டு: சின்ன ஊரில் "35 வயதுப் பெண், ஓட்டமாவடி" என்று எழுதினாலே யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. இதையெல்லாம் நம் எட்டுப் பேரும் முதல் வாரத்திலேயே படிக்கவேண்டும், பிள்ளையாரடியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிய பிறகே ஒரு பதிவேட்டைத் திறக்கவேண்டும்.

என் யோசனையில் ஓட்டை இல்லாமல் இல்லை. வழிகாட்டி இல்லையென்றால் இந்த எட்டுப் பேரும் மூன்றாம் மாதம் அமைதியாகக் காணாமல் போவார்கள், எனக்கு என் சாதியைத் தெரியும், பிஎச்ஐ சாதியைச் சொல்கிறேன். ஆகவே காசில் பாதி வழிகாட்டிக்குப் போகட்டும். இரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பீடத்து விரிவுரையாளர், சமுதாய மருத்துவம் படித்தவர், மாதம் ஒரு நாள் அவர் களத்துக்கு வரவேண்டும், இவர்கள் அவரிடம் போவதல்ல. கால் பங்கு பதில் கடமைக்கு. ஒருவர் ஒரு வாரம் வகுப்பில் இருந்தால் அவர் பிரிவைப் பக்கத்துப் பிரிவுக்காரர்தான் இழுக்கவேண்டும், அவருக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் வகுப்புக்குப் போனவரைத்தான் திட்டுவார். மீதி போக்குவரத்துக்கும் ஒரு கணினிக்கும். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, யாராவது விலை கொடுத்து வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். வகுப்பை நவம்பர் முதல் ஜனவரி வரை வைக்கவே கூடாது, மாரியில் வெள்ளமும் டெங்கும் ஒன்றாக வரும்போது ஆளை எடுத்தால் பணிப்பாளர் கதவைச் சாத்திவிடுவார், சாத்தினால் அது நியாயம். தலைவரின் லண்டன் ஆசையையும் நான் முழுதாகத் தள்ளவில்லை. எட்டுப் பேரில் மூன்றாம் வருடமும் கேள்வியோடு நிற்கிறவர் யாரோ, அவருக்கு வெளியில் படிக்க உதவலாம். அவர் போனாலும் ஏழு பேர் இருப்பார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது படுவான்கரையில் வேலை செய்யும் இளம் பிஎச்ஐ ஒருவருக்கு விஷயம் எட்டி, போன் எடுத்தார். டெங்கு நோயாளி வைத்தியசாலையில் சேர்ந்த நாள் வைத்தியசாலை நோயை அறிவிக்கிற எச் 544 படிவத்தில் இருக்கும், நாம் வீட்டுக்குப் போன நாள் நம் விசாரணைப் படிவமான எச் 411 இல் இருக்கும். இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்த்தாலே போதும் என்று நான் முன்பொருதரம் சொல்லியிருந்தேன். முட்டையில் இருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள், அதற்குப் பிந்திப் போனால் அடுத்த தலைமுறை எழும்பியிருக்கும். அவர் வகுப்புக்குக் காத்திருக்காமல் போன மாரிப் படிவங்களை எடுத்து, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் இரண்டு திகதியையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சேர், ஒண்டு கேக்கட்டா? கனக்க படிவத்தில எல்லாத் திகதியும் ஒரே பேனை, ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே நாளில இருந்து எழுதின மாதிரி."

வாராந்த அறிக்கையில் உரிய நேரத்தில் வந்ததா, முழுமையாக வந்ததா என்று இரண்டு நிரல் உண்டு. அந்த இரண்டிலும் 100 விழுந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. மாரியில், முப்பது வீடு பாக்கி இருக்கும்போது, நானும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்படி உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போ எந்தத் திகதியை நம்புவது என்று கேட்டார். வைத்தியசாலைத் திகதியை நம்பு, நம்ம திகதிக்கு வீட்டுக்காரரைப் போய்க் கேள், இருபது வீடு போதும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகிறாராம். கூட்டம் அதற்கு அடுத்த ஞாயிறு, கொப்பியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.